கல் நடும் முன் எழுதியவர்

எங்கள் கரியாக்கு தீவில் ஆறு கிடையாது. மழை பெய்தால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்போம். பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவோம். அப்படிப்பட்ட ஊரில், லியோலின் கேட்டோ என்ற பெண் பள்ளிக்கூடம் போன காலத்தில், இங்கிலாந்தின் ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காக மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் உள்ளங்கையில் தோல்வாரால் விழும். லியோலினுக்கு ஒன்றும் விட்டுப்போனதில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வாங்கிய அடியைத்தான் அவர் மறக்காமல் வைத்திருந்தார். பின்னாளில் அதை ஒரு கவிதையாக எழுதினார்:

பெயர் தெரிந்த ஆறெல்லாம்
கடலுக்கு அந்தப் பக்கம்.
தொட்டியின் அடியில்
தவளை குடித்தது போக
எனக்கென்று மிஞ்சியதற்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

அறுவடை ஞாயிறன்று தேவாலயத்தில் இதை வாசித்தபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. மேளக்காரர் கனூட் மாமா பின்வரிசையிலிருந்து, "வச்சா பாரு வெள்ளைக்காரனுக்கு!" என்று கத்தினார். பாதிரியார் ஒரு வெள்ளைக்காரர். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து லியோலின் எங்கள் லா பெரின் ஊரின் கவிஞர். வெள்ளைக்காரனைத் திட்டி எழுதிய வரைக்கும் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது.

கப்பல்துறையில் டிக்கெட் கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. கிரெனடாவுக்குக் காலையில் ஒரு கப்பல், பிற்பகலில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கவுன்ட்டரில் ஈ ஓட்டுகிற நேரத்தில் எழுதுவார். அவருடைய சின்ன வயதிலேயே அப்பா இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போய் ஆலையில் சேர்ந்துவிட்டார். மகன் வில்ஃப்ரெட்டையும் கூப்பிட்டுக்கொண்டார். மனைவிக்கும் மகளுக்கும் அடுத்த வருஷம் டிக்கெட் எடுக்கிறேன் என்றார். அந்த அடுத்த வருஷம் கடைசிவரை வரவில்லை. சோளமும் துவரையும் போட்டு, ஆடு வளர்த்து, அம்மா யுஃபேமியா லியோலினைத் தனியாக வளர்த்தார். ஊருக்கெல்லாம் கப்பல் ஏறச் சீட்டுக் கிழித்துக் கொடுத்த லியோலின் ஒரு நாளும் எங்கேயும் போனதில்லை.

இனிமேல் சொல்லப்போவது புரிய, குவாக்கோவைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவன் வம்சம். அடிமைகள் உழைத்த எஸ்டேட் காலத்தில் துரையின் கையிலிருந்த சவுக்கைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தவன் என்றும், அவனைப் பார்த்துப் பயந்துதான் மலைச்சரிவு நிலத்தைத் துரை எழுதிக் கொடுத்தான் என்றும் கதை. நாங்கள் க்ரோமாண்டி குலம், யாருக்கும் பணியாத குலம் என்று மார்தட்டுவதும் அவனை வைத்துத்தான். ஊரில் எந்த விசேஷத்துக்கு மேளம் கட்டினாலும் முதல் அடி குவாக்கோவுக்கு.

படுக்கையில் விழுந்த பிறகு யுஃபேமியா மகளிடம் வேறொன்று சொன்னார். சவுக்கு துரையின் கையில் இருக்கவில்லை. குவாக்கோவின் கையில் இருந்தது. அவன் அந்த எஸ்டேட்டின் கங்காணி. மழை பொய்த்த ஒரு வருஷம், ஹானா என்ற பெண் துரையின் தொட்டியில் ஒரு குவளை தண்ணீர் மொண்டு குடித்தாள். அதற்காக அவளைக் கட்டிவைத்து முதுகைக் கிழித்தவன் அவன். அதே ஹானா பிறகு அவனுக்குப் பிள்ளை பெற்றாள். விரும்பியா என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. நிலம் அவன் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி. ஹானா தன் மகளுக்குச் சொன்னதை, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கடத்தி வந்திருக்கிறார்கள்.

"இதை வச்சு எழுதணும்னு உனக்கு இப்பவே கை துருதுருங்கும்," என்றாராம் யுஃபேமியா. "எழுது. ஆனா என் கல்லு நட்டதுக்கு அப்புறம் எழுது."

எங்கள் பக்கத்தில் செத்தவரைப் புதைத்த கையோடு கல் வைக்க மாட்டோம். வருஷங்கள் போகும். பிள்ளைகளெல்லாம் ஒன்றுகூடி, ஆடு வெட்டி, மேளம் கட்டி, ஊருக்கே விருந்து வைத்துக் கல் நட வேண்டும். அதுவரைக்கும் செத்தவர் இங்கேதான் எங்கேயோ கால் வலிக்க நின்றுகொண்டிருக்கிறார், நாம் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுகிறது என்பது எங்கள் நம்பிக்கை. கல் விழுந்தால்தான் அவருக்குப் படுக்கை. அதனால் கல் நடாதவரின் வீட்டுப் பழசை யாரும் கிளற மாட்டார்கள்.

யுஃபேமியா போன பிறகு, வில்ஃப்ரெட் வந்தால்தான் அவருக்குக் கல் நட முடியும். முதலில் அவருக்கு முட்டி வலி. அப்புறம் மகள் கல்யாணம். அப்புறம் லீவு இல்லை. "அடுத்த வருஷம் கட்டாயம்," என்று போனில் சொன்னபோது, அப்பாவின் குரல் அச்சு அசலாக அப்படியே வந்தது என்று லியோலின் சொன்னார்.

அவர் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் அம்மா சொன்னதை நாவலாக எழுதினார். எழுதி முடித்ததை டிரினிடாடில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார். அவர்கள் ஒப்புக்கொண்டபோது, அம்மாவுக்குக் கல் இன்னும் வரவில்லை, பொறுங்கள் என்று எந்தப் பதிப்பாளரிடம் போய்ச் சொல்வது? பெயர்களையெல்லாம் மாற்றினார். தொட்டியை மட்டும் மாற்றவில்லை.

நான் அந்த நாவலை பார்படோஸில், பல்கலைக்கழக விடுதியில் படித்தேன். லா பெரினிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மீன்பிடிக்கிறவர், அம்மா சோளக்காட்டில் களை பிடுங்குகிறவர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. உலகத்தின் எந்தெந்த மூலையையோ பற்றிய புத்தகங்களைப் பரீட்சைக்காக விழுங்கியவன், எங்கள் ஊர்த் தொட்டியை அச்சில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். கங்காணியை அவர் திட்டவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. சவுக்கைப் பிடிக்காவிட்டால் தன் முதுகில் விழும் என்று தெரிந்தவன், பிடித்த பிறகு அதில் கொஞ்சம் ருசி கண்டவன், ராத்திரியில் தன் கையைத் தானே பார்க்கப் பயப்படுகிறவன். அவனுடைய ரத்தமும் அவன் கிழித்த முதுகின் ரத்தமும் ஒரே உடம்பில் ஓடுகிற நாங்கள் யார்? நாவல் முழுக்கக் கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான்.

ஊரில் நாவலைப் படித்தவர்கள் கொஞ்சம். படித்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் எல்லோரும். கப்பல்துறையில் வரிசையில் நின்றவர்கள் அவருக்குக் குட்மார்னிங் சொல்வதை நிறுத்தினார்கள். எங்கள் தீவில் கடைக்குள் நுழைகிறவன் குட்மார்னிங் சொல்லாமல் வாயைத் திறந்தால் அவனை வளர்த்தவர்களைத்தான் கேட்பார்கள். லியோலின் முன்னால் வந்து நின்றவர்கள், "ஒண்ணு. போய்வர," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். அவரும் விடாமல் ஒவ்வொருவருக்கும் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வராத வணக்கத்தை நாள் பூராவும் சொல்லிப் பார்த்தால்தான் அதன் வலி தெரியும்.

நான் பட்டத்தோடு ஊர் திரும்பிய சமயத்தில்தான் ஈனிட்டுக்குக் கனவு வந்தது. ஈனிட் ரொட்டி சுட்டு விற்கிறவள், யுஃபேமியாவின் அண்ணன் மகள், லியோலினின் எதிர்வீடு. டான்டி என்றால் எங்கள் பேச்சில் அத்தை. நான் கிரெனடா போக வரிசையில் நின்றிருந்தேன். அவள் எங்களையெல்லாம் தாண்டி நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள்.

"லியோ, டான்டி யுஃபேமியா என் கனவுல வந்தா."

"அப்படியா? சாப்பிட்டாளா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"விளையாடாதே. தலையில தொப்பி இல்ல. கொளுத்துற வெயில்ல என் வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. 'எனக்கு மேல கல்லு இல்ல ஈனிட், தண்ணி குடு'ன்னா."

"குடுத்தியா?"

"குடுக்கப் போனேன். வாங்கலை. 'என் மக எழுதினதைத் திருப்பி எடுத்துக்கணும். அப்புறம் கல்லு. அப்புறம்தான் தண்ணி'ன்னு சொல்லிட்டா."

"என் வீடு உன் வீட்டுக்கு எதிர்ல இருக்கு, ஈனிட். அவ பெத்தது என்னை. ரோட்டைத் தாண்ட முடியாமயா உன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா?"

"உன் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலையோ என்னமோ."

லியோலின் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அடுத்த ஆளு வாங்க. குட்மார்னிங்."

அன்று மாலைக்குள் கனவு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. கனவை எங்களால் தள்ள முடியாது. கல் விருந்துக்கு நாள் குறிப்பதே கனவுதான். செத்தவர் யார் தூக்கத்திலாவது வந்து கேட்பார். கேட்டால் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் ஊரில் ஏதாவது கெட்டது நடக்கும். லியோலின் எழுதியதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள், ஈனிட் கண்டதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு எழுத்தாளரை இதைவிட நன்றாகத் தோற்கடிக்க முடியாது. அவர் இத்தனை வருஷம் அடித்துத் திருத்தி எழுதியதை, இவள் ஒரே தூக்கத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

முட்டி வலிக்காரர் வில்ஃப்ரெட், கனவைப் போனில் கேட்டதும் விமானச் சீட்டு எடுத்துவிட்டார். "அவங்க கேக்கிறதைச் சொல்லிட்டுப் போயேன், லியோ," என்றாராம். "புத்தகம்தானே?"

மேளம் இல்லாமல் கல் நட முடியாது. மேளம் கனூட் மாமா கையில். லியோலின் அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். மாமா முற்றத்தில் உட்கார்ந்து, ரம் பீப்பாயின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பையா, நீ எதுக்கு வந்தே?"

"டான்டிக்குத் துணையா, மாமா."

"டிகிரியைக் கொண்டாந்திருக்கியா? எடு. இந்த மேளத்துக்குத் தோல் பத்தலை."

நான் விடவில்லை. "குவாக்கோவும் அடிமைதான் மாமா. அவனுக்கு வேற வழி இல்லைன்னு புத்தகத்துலயே இருக்கு. டான்டி அவனைக் கேவலப்படுத்தவே இல்லை. நீங்க படிச்சுப் பார்த்தா..."

"நான் படிச்சா? ஊர்ல யாரு படிப்பா? மேளம் எல்லாருக்கும் கேக்கும்." தோலை இன்னொரு முறை இழுத்தார். "நாங்க யார்ரா? ஒருத்தன் கடத்திட்டு வந்தான், ஒருத்தன் வித்தான், ஒருத்தன் பேரை மாத்தினான். எங்ககிட்ட ஒரே ஒரு ஆளு நிமிர்ந்து நிக்கிறான். அவனையும் குனிய வச்சுட்டா, நாளைக்கு என் பேத்தி யாரைப் பார்த்து நிமிருவா? உன் டிகிரியைப் பார்த்தா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

லியோலின் அதுவரை நின்றுகொண்டே இருந்தார். "கனூட், உன்னை ஒண்ணு கேக்கிறேன். நிஜமாவே நான் எழுதினது பொய்யின்னு நினைக்கிறியா?"

கனூட் மாமா முடிச்சைப் போட்டு முடித்தார். நிதானமாகத்தான் சொன்னார்.

"எங்க ஆத்தா சாகிறப்போ என்கிட்டயும் சொல்லிச்சு. தொட்டி, குவளை, எல்லாம். ஈனிட்டுக்கு அவ அம்மா சொல்லாமயா இருந்திருப்பா?"

"அப்போ அது பொய்யில்ல."

"பொய்யின்னு நான் எப்போ சொன்னேன்? பொய்யின்னு நீ சொல்லணும்னுதான் சொல்றேன். எல்லார் முன்னாலயும், மேளத்துக்கு முன்னால மண்டிபோட்டு. சொன்னா அடிக்கிறேன். இல்லேன்னா கல்லை நீயே தூக்கிட்டுப் போய் நட்டுக்க. யாரு தடுத்தா? உங்கம்மா அநாதைப் பொணம் மாதிரி சத்தமில்லாம படுத்துக் கிடக்கட்டும்."

திரும்பும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "டான்டி, நீங்க சொல்லாதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மையைப் பொய்யின்னு சொல்லச் சொல்றாங்க. இது என்ன நியாயம்?"

"நியாயமெல்லாம் புத்தகத்துல எழுதியாச்சு," என்றார். கொஞ்ச தூரம் போய், "எனக்கு இந்தக் கனவு, கல்லு எதுலயும் நம்பிக்கை இல்லடா. ஆனா அம்மாவுக்கு இருந்துச்சு," என்றார்.

விருந்துக்கு முந்தின நாளே கல் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி அதை யுஃபேமியாவின் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் தலையணை வைத்து, வெள்ளைத் துணி போர்த்தினார்கள். தூங்குகிற ஆள் மாதிரியே இருந்தது. லியோலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணியின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஆடு வெட்டி ரத்தமும் ரம்மும் கல்லில் தெளித்தார்கள். செத்தவர்களுக்கான தட்டில் உப்பில்லாத சோளக்களியும் கோழியும் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வில்ஃப்ரெட் கனமான கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தார். குட்மார்னிங் சொல்லாதவர்கள் அத்தனை பேரும் முற்றத்தில் வந்து நின்றார்கள். அண்டாக்கள் கொதித்தன. யாரும் தட்டைத் தொடவில்லை.

மேளங்கள் வரிசையாக இருந்தன. கனூட் மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல் விருந்தில் குடும்பத்தார் மண்டியிட்டு முன்னோரிடம் மன்னிப்புக் கேட்பது எப்போதும் உள்ளதுதான். மேளம் அடிக்க, பாட்டுப் பாட, எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். அன்று மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. லியோலின் தனியாக வெள்ளைப் பாவாடையை ஒதுக்கி மண்ணில் மண்டியிட்டார். வில்ஃப்ரெட் முட்டி வலி என்று நின்றுகொண்டார்.

"நான் எழுதினது பொய்," என்றார் லியோலின்.

"பின்னால கேக்கலை," என்றது ஒரு குரல். ஈனிட்டின் குரல்தான்.

"நான் எழுதினது பொய். குவாக்கோ சவுக்கைத் தொடலை. ஹானான்னு ஒருத்தி இருந்ததே இல்லை."

அந்தக் கடைசி வரியை யாரும் அவரைக் கேட்கவில்லை. அதை அவராகச் சேர்த்தார். கனூட் மாமாவின் முகம் ஒரு கணம் மாறியது. எனக்கு அவர் ஏதோ சொல்லி நிறுத்தப் போகிறார் என்று தோன்றியது. ஆனால் கை மேளத்தில் விழுந்துவிட்டது.

அப்புறம் எல்லாமே அழகாக நடந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. கல்லைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு கல்லறைக்குப் போனோம். ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன். பெண்கள் பாவாடையை விரித்து ஆடினார்கள். கல்லை நிறுத்தி, தண்ணீரும் ரம்மும் ஊற்றினார்கள். ஈனிட் அழுதுகொண்டே லியோலினைக் கட்டிப்பிடித்து, "டான்டி இனிமே நிம்மதியாத் தூங்குவா," என்றாள்.

"நீயும் தூங்கு, ஈனிட்," என்றார் லியோலின். "நல்லா கனவு காணுற."

விருந்தில் கடைசி எலும்பு வரைக்கும் தீர்ந்தது. ஊர் அவரை மன்னித்துவிட்டது. மன்னித்ததற்கு அடையாளமாக உடனே ஒரு வேலையும் கொடுத்தது. ஆகஸ்டில் அடிமை விடுதலை விழா வருகிறது. குவாக்கோ சவுக்கை முறித்ததைப் பற்றி, மேளத்தோடு பாடுகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்று கனூட் மாமா அவரிடமே கேட்டார். "உன்னை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

லியோலின் எழுதிக் கொடுத்தார். டிரினிடாட் பதிப்பாளரிடம் நாவலை மறுபடி அச்சடிக்க வேண்டாம் என்று சொன்ன அதே வாரம் பாட்டை எழுதினார். விழாவில் கனூட் மாமா அதைப் பாடினார். சவுக்கு முறிகிற இடத்தில் மேளமும் படக்கென்று நின்று மறுபடி எழுகிற மாதிரி லியோலின் வார்த்தைகளை அடுக்கியிருந்தார். கூட்டம் உறுமியது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சவுக்கு யார் கையில் இருந்தது என்று தெரிந்தும்! லியோலினை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். கைதட்டல் ஓயும்வரை நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் கேட்டேன். "டான்டி, கல்லுக்காக மண்டிபோட்டீங்க, அது எனக்குப் புரியுது. இதை ஏன் எழுதினீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாங்க, எழுத உக்கார்ந்தேன். மோசமா எழுதிக் குடுத்துடலாம்னுதான் உக்கார்ந்தேன்." செருப்பில் ஒட்டிய மண்ணைப் படிக்கட்டில் தேய்த்தார். "நல்லா வந்துடுச்சுடா. நான் எழுதினதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. ஊர் அந்தப் பாட்டை இன்னும் பாடுகிறது.